காசா, வேலையா, சிகிச்சையா: வன்முறையைக் குறைக்கப் பணத்தை எதில் போடுவது?

வேலை இல்லாத இளைஞன்தான் துப்பாக்கி தூக்குகிறான், அவனுக்கு ஒரு பிழைப்பைக் காட்டிவிட்டால் அதைக் கீழே போட்டுவிடுவான். வறிய நாடுகளில் பணி செய்யும் உதவி அமைப்புகளின் திட்ட அறிக்கையைப் புரட்டினால் இந்த எண்ணம் ஏதாவது ஒரு வடிவில் கண்ணில் படும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பொருளாதாரப் பாடமும் இதையேதான் சொல்கிறது: நேர்வழியில் வரும் வருமானம் கூடினால், சிறைக்கும் சாவுக்கும் துணிந்து திருடப் போவது கட்டுப்படியாகாது.

சரி, இதை யாராவது சோதித்துப் பார்த்தார்களா? பார்த்தவர்களில் முக்கியமானவர் கிறிஸ் பிளாட்மேன். கனடாக்காரர், சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். உகாண்டா, லைபீரியா, எத்தியோப்பியா, கொலம்பியா என்று பல நாடுகளில், பல சக ஆய்வாளர்களோடு சேர்ந்து, மருந்தைச் சோதிக்கும் அதே முறையில் உதவித் திட்டங்களைச் சோதித்தவர். தகுதியானவர்களைக் குலுக்கல் போட்டுச் சிலருக்கு உதவி, சிலருக்கு இல்லை. அப்புறம் ஓராண்டு, நான்காண்டு, சில இடங்களில் பத்தாண்டு கழித்து அவர்களைத் தேடிப் பிடித்து இரு தரப்பும் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது. குலுக்கலில் பெயர் வராதவர்கள் பாவம்தான், ஆனால் எல்லாருக்கும் கொடுக்கப் பணம் இல்லாத இடத்தில் சிபாரிசைவிடக் குலுக்கல் எவ்வளவோ மேல்.

உங்கள் கையில் ஒரு தொகை இருக்கிறது என்று வையுங்கள். அறக்கட்டளையோ, நகராட்சியோ, ஐ.நா. அலுவலகமோ, ஏதோ ஒன்று. வறுமையும் குறைய வேண்டும், அடிதடியும் குறைய வேண்டும் என்கிறீர்கள். எதில் போடுவது? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இவை இரண்டு வேறு வேறு வேலைகள். ஒரே காசோலையில் இரண்டையும் முடிக்கப் பார்த்தவர்கள் பெரும்பாலும் முதலாவதைக் கொஞ்சம் செய்துவிட்டு, இரண்டாவதும் நடந்துவிட்டதாக அறிக்கை எழுதியிருக்கிறார்கள்.

முதலில் காசு. உகாண்டாவின் வடபகுதி ஜோசப் கோனி என்ற கிளர்ச்சித் தலைவனின் படையிடம் சிக்கி இருபது ஆண்டுகள் சீரழிந்த இடம். அங்கே அரசாங்கம் ஓர் இளைஞர் திட்டம் கொண்டு வந்தது. இளைஞர்கள் குழுவாகச் சேர்ந்து, என்ன தொழில் கற்கப் போகிறோம், என்ன கருவி வாங்கப் போகிறோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தேர்வான குழுவின் வங்கிக் கணக்கில் 2008இல் சராசரியாக 7,500 டாலர் அளவில் மொத்தமாக விழுந்தது, அதாவது ஆளுக்கு ஏறக்குறைய 380 டாலர். அதற்குப் பிறகு யாரும் வந்து கணக்குக் கேட்கவில்லை. இப்படிக் கொடுத்தால் குடித்தே தீர்ப்பார்கள் என்று சொல்லத் தோன்றும். நடந்தது வேறு: பயிற்சிக்குக் கட்டணம் கட்டினார்கள், தையல் இயந்திரமும் தச்சுக் கருவிகளும் வாங்கினார்கள். நான்கு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, பணம் கிடைக்காத குழுக்களைவிட வருமானம் 38 சதவீதமும், தொழில் உடைமைகள் 57 சதவீதமும் கூடியிருந்தன.

அற்புதமான கணக்கு. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றையும் கேட்டிருந்தார்கள்: சண்டை சச்சரவு குறைந்ததா, ஊர்க் காரியங்களில் ஈடுபாடு கூடியதா, அரசாங்கத்தின் மேல் கோபம் தணிந்ததா? எதிலும் சொல்லும்படியான மாற்றம் இல்லை. வருமானம் கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் ஏறியும் நடத்தையில் ஊசிமுனை அளவு அசைவு இல்லை என்றால், 'பிழைப்புக் கிடைத்தால் அடங்கிவிடுவார்கள்' என்ற கணக்கில் எங்கோ ஓட்டை இருக்கிறது. இவர்களில் பெரும்பாலோர் முதலிலேயே அடங்காதவர்கள் இல்லை, ஏழைகள், அவ்வளவுதான் என்பது அந்த ஓட்டையில் பாதி. (ஏழை என்றாலே சண்டைக்காரன் என்று நாம்தான் முடிவு கட்டி வைத்திருக்கிறோம். இதே பகுதியில் கோனியின் ஆட்கள் கடத்திப்போய் விட்ட பையன்களைப் பற்றி பிளாட்மேன் செய்த முந்தைய ஆய்வில், ஊர் திரும்பியவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக வாக்களிக்கப் போனார்கள், ஊர்ப் பொறுப்புகளை அதிகமாக ஏற்றார்கள்.)

ஒன்பது ஆண்டு கழித்து மறுபடி போனபோது வருமான வித்தியாசமும் கரைந்திருந்தது. பணம் கிடைக்காதவர்கள் தங்கள் போக்கில் சேர்த்துச் சேர்த்து எட்டிப் பிடித்துவிட்டார்கள். உடைமைகளிலும் கைத்தொழிலிலும் மட்டும் கொஞ்சம் முன்னிலை மிச்சம் இருந்தது. இதைத் தோல்வி என்று சொல்ல மாட்டேன். சில ஆண்டுகள் முன்கூட்டியே ஒருவன் நிமிர்ந்து நிற்க முடிந்ததற்கும் மதிப்பு உண்டு. தலைமுறையே மாறிவிடும் என்று யாராவது சொன்னால் மட்டும் நம்ப வேண்டாம்.

அதே வடக்கு உகாண்டாவில் மிக ஏழைப் பெண்களுக்கு 150 டாலரும் ஐந்து நாள் வியாபாரப் பயிற்சியும் கொடுத்துப் பார்த்தார்கள். வருமானம் ஏறக்குறைய இரட்டிப்பானது. சிக்கல் என்னவென்றால், வீடு வீடாகப் போய்த் தொழிலை விசாரித்து ஆலோசனை சொல்லும் ஏற்பாடு, பெண்ணின் கைக்குப் போன தொகையைவிட அதிகமாக விழுங்கியது, அதற்கு ஈடான பலனும் தெரியவில்லை. மேற்பார்வைக்கு ஆகும் காசையும் சேர்த்து அந்தப் பெண்களிடமே கொடுத்திருக்கலாம் என்பதுதான் எனக்குப் பட்டது.

அடுத்து வேலை. தொழிற்சாலை வேலை என்றால் எல்லா அமைச்சர்களுக்கும் பிடிக்கும், நாடா வெட்டலாம், படம் எடுக்கலாம். எத்தியோப்பியாவில் பிளாட்மேனும் ஆக்ஸ்ஃபோர்டின் ஸ்டீஃபன் டெர்கானும் ஐந்து நிறுவனங்களைப் பிடித்தார்கள்: பூப்பண்ணை, காலணி ஆலை, துணி ஆலை மாதிரியான இடங்கள். வேலை கேட்டு வந்தவர்கள் கிட்டத்தட்ட ஆயிரம் பேர், பெரும்பாலும் பெண்கள். குலுக்கல் போட்டு ஒரு பங்குக்கு அந்த வேலை, இன்னொரு பங்குக்கு 300 டாலரும் சிறு பயிற்சியும், மீதிப் பேருக்கு ஒன்றும் இல்லை.

வேலை கிடைத்தவர்களில் மூன்றில் ஒருவர் முதல் மாதத்திலேயே நின்றுவிட்டார். ஓராண்டுக்குள் 77 சதவீதம் பேர் போய்விட்டார்கள். வெளியே கூலிக்குப் போனாலும் தெருவில் விற்றாலும் ஏறக்குறைய அதே வருமானம்தான் கிடைத்தது, அதனால் ஆலை வேலை அவர்களைப் பணக்காரர்களாக்கவில்லை. உடல்நிலை கெட்டது மட்டும் மிச்சம்: கடுமையான உடல்நலக் கோளாறு சொன்னவர்கள் மற்ற தரப்பைப்போல இரு மடங்கு. 300 டாலர் வாங்கியவர்கள் சொந்தமாக ஏதாவது செய்து ஓராண்டில் 33 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். ஐந்தாண்டு கழித்து இங்கேயும் மூன்று தரப்பும் ஒன்றாகிவிட்டன.

தொழிற்சாலைகள் கூடாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆலைகள் பெருகித்தான் நாடுகள் முன்னேறின, அது நீண்ட கணக்கு. ஆனால் 'இந்த இளைஞர்களை ஒழுங்குபடுத்த ஆலையில் சேர்த்துவிடுகிறோம்' என்று யாராவது திட்டம் கொண்டு வந்தால், முதல் மாதத்தில் எத்தனை பேர் வேலையை விடுவார்கள் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்று கேளுங்கள்.

இதுவரை பார்த்தவர்கள் சாதாரண ஏழைகள். இனி வன்முறையிலேயே வாழ்பவர்களுக்கு வருவோம், விஷயம் சுவாரசியமாவதே இங்கேதான்.

லைபீரியாவில் 1989இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் நடுவில் சற்று ஓய்ந்து 2003இல்தான் முடிந்தது. சிறுவர்களாகப் படையில் சேர்ந்தவர்கள் இளைஞர்களாகி, தலைநகர் மன்ரோவியாவின் சந்தைகளிலும் பாழடைந்த கட்டடங்களிலும் கல்லறைகளிலும் ஒதுங்கினார்கள். பிக்பாக்கெட், போதைப்பொருள் விற்பனை, கத்தியைக் காட்டிப் பறிப்பது. ஜான்சன் போர் என்ற லைபீரியர், இப்படிப்பட்ட ஆட்களைத் திருத்த ஓர் அமைப்பு நடத்திவந்தார். வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தில் பிறந்த யோசனை இல்லை, அந்த ஊர்க்காரர் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததை பிளாட்மேன் பார்த்து, இதை முறையாகச் சோதிப்போம் என்றார்.

999 ஆண்கள் தேர்வானார்கள், தெருத்தெருவாகப் போய், ஆபத்தானவர்களாகத் தெரிந்தவர்களைத் தேடிக் கூட்டி வந்தவர்கள். நான்கு பிரிவு: எட்டு வாரச் சிகிச்சை மட்டும், 200 டாலர் காசு மட்டும், சிகிச்சை முடிந்து காசு, எதுவும் இல்லை. 200 டாலர் என்பது அவர்களுக்கு ஏறக்குறைய மூன்று மாத வருமானம்.

சிகிச்சை என்றதும் சாய்வு நாற்காலியும் மருத்துவரும் நினைவுக்கு வரலாம். இது வேறு. இருபது பேர் வட்டமாக உட்காருவார்கள், நடத்துபவரும் ஒரு காலத்தில் தெருவில் சுற்றியவர் அல்லது படையில் இருந்தவர், பட்டம் ஒன்றும் கிடையாது. கோபம் வந்தால் கை ஓங்குவதற்கு முன் என்ன செய்யலாம், நாளைக்கு வேண்டியதை இன்றைக்கே செலவழிக்காமல் இருப்பது எப்படி, இதெல்லாம் பேச்சு. அப்புறம் வீட்டுப்பாடம். முடியை வெட்டிக்கொண்டு, குளித்து, கால்சட்டையும் ஷூவும் போட்டுக்கொண்டு வா. அடுத்த வாரம் வங்கிக்குள் போய்க் கணக்குத் திறப்பது பற்றி விசாரித்துவிட்டு வா. பெரிய கடைக்குள் நுழைந்து சுற்றிப் பார்த்துவிட்டு வா. இதுவரை எந்தக் கடை வாசலிலும் காவலாளி விரட்டியே பழகியவன், முதல் முறையாக யாரும் தடுக்காமல் உள்ளே போய் வருகிறான், சில சமயம் விரட்டவும் படுகிறான், அடுத்த நாள் வட்டத்தில் உட்கார்ந்து அதைச் சொல்கிறான். தன்னைப் பற்றி அவனே வைத்திருக்கும் எண்ணத்தை மாற்றும் பயிற்சி அது.

முடிவுகள் வரிசையாக. காசு மட்டும் வாங்கியவர்கள் அதைப் போதையில் அழிக்கவில்லை; துணிமணி வாங்கினார்கள், சிறு வியாபாரம் போட்டார்கள். சில மாதங்களில் அந்த வியாபாரம் காணாமல் போனது, வருமானமும் பழைய இடத்துக்கே வந்தது, குற்றமும் ஓராண்டில் பழையபடி. சிகிச்சை மட்டும் பெற்றவர்களிடம் ஆரம்பத்தில் நல்ல மாற்றம், ஓராண்டில் அதுவும் தேய்ந்தது. சிகிச்சையும் காசும் சேர்ந்து கிடைத்தவர்களிடம் மட்டும் ஓராண்டு கழித்தும் குற்றமும் அடிதடியும் வெகுவாகக் குறைந்தே இருந்தன. பத்தாண்டு கழித்து அவர்களைத் தேடிப் போனார்கள். திருட்டு, வழிப்பறி, போதை விற்பனை எல்லாம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன, அதுவும் தொடக்கத்தில் மிக மோசமாக இருந்தவர்களிடம்தான் மாற்றம் அதிகம். சிகிச்சை மட்டும் பெற்றவர்களிடமும் பலன் தெரிந்தது, ஆனால் சிறியது, உறுதி குறைந்தது. ஆளுக்கு மொத்தச் செலவு 530 டாலர்.

திருடனிடமே போய்த் திருடினாயா என்று கேட்டால் உண்மை சொல்வானா என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் முதலில் தேடினேன். ஒரு பகுதியினரோடு உள்ளூர் ஆட்களைப் பல நாள் கூடவே பழகவிட்டு, கருத்தாய்வில் சொன்னதோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். சிகிச்சை பெற்றவர்கள் குற்றத்தை மறைத்து நல்ல பிள்ளையாக நடித்ததற்கு அடையாளம் இல்லை.

காசு சில மாதத்தில் தீர்ந்துபோனது, வருமானமும் உயரவில்லை. பிறகு எப்படிச் சேர்க்கையில் மட்டும் வேலை செய்தது? ஆய்வாளர்களின் ஊகம் எனக்குச் சரியாகவே படுகிறது. அந்தச் சில மாதங்கள் அவன் தெருவுக்குத் திரும்பத் தேவையில்லாமல், சுத்தமான சட்டையோடு, நாலு பேர் வியாபாரி என்று பார்க்கும் ஆளாகப் பழகிப் பார்க்க அந்தக் காசு இடம் கொடுத்தது. வகுப்பில் கற்றது உடம்பில் ஊற அவகாசம் வேண்டும், அந்த அவகாசத்தின் விலை 200 டாலர்.

லைபீரியாவிலேயே இன்னொரு சோதனை, நகரத்தில் இல்லை, காட்டுப் பகுதிகளில். முன்னாள் போராளிகள் திருட்டுத்தனமாகத் தங்கம் தோண்டியும் ரப்பர் பால் எடுத்தும் பிழைத்துக்கொண்டிருந்த இடங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் ஒரு பகுதியினரைத் தங்கவைத்து விவசாயம் சொல்லிக் கொடுத்து, விதையும் கருவியும் இரண்டு தவணையாகத் தருவதாக ஏற்பாடு. ஓராண்டுக்கு மேல் கழித்து, சட்டவிரோத வேலைகளில் செலவழித்த நேரம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது, ஆனால் முழுதாக விடவில்லை. வருமானம் மாதம் 12 டாலர் ஏறியது.

இந்த இடத்தில் யாரும் திட்டமிடாத ஒன்று நடந்தது. 2010 முடிவில் பக்கத்து நாடான ஐவரி கோஸ்ட்டில் தேர்தல் தகராறு போராக வெடித்து, கூலிப்படைக்கு ஆள் பிடிப்பவர்கள் எல்லை தாண்டி லைபீரியாவுக்குள் வந்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் அந்த ஆள்பிடிப்புக்காரர்களோடு சேர்ந்து சுற்றுவது, போகத் தயாராவது எல்லாம் மற்றவர்களைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. அதிலும் யாரிடம் அதிகம் குறைந்தது தெரியுமா? விநியோகக் கோளாறால் இரண்டாம் தவணை கைக்கு வராமல், வரும் என்று காத்திருந்தவர்களிடம். வாங்கி முடித்தவர்களைவிட வாங்கப் போகிறவர்கள்தான் ஊரைவிட்டு நகர அதிகம் தயங்கினார்கள். ஒரு நிர்வாகத் தவறு இவ்வளவு நல்ல பாடம் சொன்னதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆளுக்கு ஆயிரம் டாலரைத் தாண்டும் செலவு என்பது இதன் குறை. தங்கும் பயிற்சியைக் குறைத்துவிட்டு தவணையை மட்டும் நீட்டினால் மலிவாகும் என்று தோன்றுகிறது.

நிலத் தகராறு வேறு வகை. லைபீரியாவில் போரின்போது ஊரைவிட்டு ஓடியவர்கள் திரும்பி வந்தபோது அவர்கள் நிலத்தில் வேறு யாரோ இருந்தார்கள். 246 ஊர்களில் 86 ஊர்களைக் குலுக்கலில் எடுத்து, வயதுவந்தவர்களில் 15 சதவீதம் பேருக்குப் பேசித் தீர்க்கும் பயிற்சி கொடுத்தார்கள். ஓராண்டில் நிலத் தகராறுகள் தீர்வது கூடியது, தகராறு கைகலப்பாக முடிவது குறைந்தது, மூன்றாண்டு கழித்தும் பலன் இருந்தது. பக்கவிளைவும் உண்டு: ஊரே தீர்ப்பு சொல்லப் பழகியதில், சட்டத்துக்கு வெளியே தண்டிப்பதும் கொஞ்சம் ஏறியது. பஞ்சாயத்துக்குக் கூடும் கூட்டம் எப்போதும் நியாயமாகவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கடைசியாகக் காவல்துறை. கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில் குற்றம் மிகுந்த 1,919 தெருத் துண்டுகளை எடுத்து, அதில் 756இல் ரோந்து நேரத்தைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கி எட்டு மாதம் பார்த்தார்கள். குப்பை அள்ளுவது, விளக்குப் பழுது பார்ப்பது சில தெருக்களில் சேர்ந்தது. திருட்டு பக்கத்துத் தெருவுக்கு இடம் மாறியதுதான் மிச்சம் என்றே படுகிறது. கொலை, பாலியல் வன்முறை மட்டும் குறைந்த மாதிரி தெரிந்தது, அதைத் திடமாகச் சொல்ல எண்ணிக்கை போதவில்லை. அதே நாட்டின் மெடலின் நகரத்தில் இன்னும் மோசம். அங்கே நூற்றுக்கணக்கான தெருக் கும்பல்கள் கடைக்காரர்களிடம் மாமூல் வாங்கிக்கொண்டு, கடனை வசூலித்துக் கொடுத்து, அக்கம்பக்கச் சண்டையைத் தீர்த்துவைத்து, ஒரு குட்டி அரசாங்கமே நடத்துகின்றன. அரசாங்கம் பக்கத்தில் வந்தால் கும்பல் பின்வாங்கும் என்றுதானே நினைப்போம்? அரசின் கை எளிதில் எட்டும் பகுதிகளில் கும்பல் இன்னும் அதிகமாக ஆட்சி நடத்தியது. போதை வியாபாரம்தான் அவர்களுக்கு முக்கியம். தெருவை அமைதியாக வைத்து மக்களைக் கையில் போட்டுக்கொண்டால் யாரும் காவல்துறையைக் கூப்பிட மாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு.

சரி, முடிவுக்கு வருவோம். உங்கள் ஊரில் பிரச்சினை வறுமை மட்டும்தான் என்றால் மொத்தத் தொகையாகக் காசைக் கொடுத்துவிட்டு ஒதுங்குங்கள், மேற்பார்வைப் படையை அமர்த்தாதீர்கள், வன்முறை குறைந்ததாக அறிக்கையும் எழுதாதீர்கள். தெருவில் கத்தியோடு திரியும் சில நூறு பேர்தான் பிரச்சினை என்றால் சிகிச்சையும் காசும், இந்த வரிசையில், இரண்டும் சேர்ந்து. ஆளைத் தேர்வு செய்வதில் கஞ்சத்தனம் வேண்டும்: 'ஆபத்தில் இருக்கும் இளைஞர்கள்' என்று ஆயிரக்கணக்கில் சேர்த்தால் யாரையும் குத்தாதவனுக்கே பாதிப் பணம் போகும், ஆகவே இருப்பதிலேயே மோசமானவன் யார் என்று தெருவில் கேட்டு அவனைக் கூட்டி வாருங்கள். நடத்துபவர் அதே தெருவிலிருந்து வந்தவராக இருக்கட்டும். எல்லைக்கு அப்பால் போர் மூளும் இடமென்றால் தவணை முறை. கடைசித் தவணையைப் போர் அபாயம் தணியும்வரை கையிலேயே வைத்திருங்கள், ஆனால் சொன்னபடி கொடுத்துவிடுங்கள், ஒரு தடவை ஏமாற்றினால் அடுத்த தடவை யாரும் காத்திருக்க மாட்டார்கள். நில வழக்கென்றால் பேச்சுவார்த்தைப் பயிற்சி, கூடவே அங்கே என்ன தண்டனை கொடுக்கிறார்கள் என்று கண்காணிக்க ஓர் ஆள்.

மெடலின் மாதிரி ஊரென்றால் மட்டும் பணத்தை உடனே அவிழ்க்காதீர்கள். கும்பல் அங்கே எதை நடத்துகிறது, அதில் எதை அரசாங்கம் அதைவிட நன்றாகச் செய்ய முடியும், செய்தால் கும்பல் என்ன பதில் கொடுக்கும் என்பதற்கு முதலில் விடை தேட வேண்டும். அதற்கே ஓராண்டு போகலாம்.